சமாதான் இணையதளமும் வசதியாக்கக் கவுன்சிலும்: வராத பாக்கியை வாங்கித் தந்த ஒரு சேவையின் மதிப்பீடு

என் தந்தையார் 1994-இல் தொடங்கிய அட்டைப்பெட்டித் தொழிலை நான் நடத்தி வருகிறேன். பதினொரு பேர் வேலை செய்யும் சிறிய பட்டறை. கிராஃப்ட் காகிதம் தரும் ஆலைக்குப் பதினைந்து நாளில் பணம் கட்டிவிட வேண்டும். கட்டாவிட்டால் அடுத்த லோடு வராது. தொழிலாளர்களுக்குச் சனிக்கிழமைதோறும் கூலி. பில் போட்ட மாதத்துக்கு அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள், வாங்கியவர் பணம் கொடுத்தாரோ இல்லையோ, அந்தப் பில்லுக்குரிய ஜி.எஸ்.டி.யை நாங்கள் செலுத்தியாக வேண்டும். இந்த மூன்று பக்கமும் கெடு இருக்கும்போது, பெட்டியை வாங்கிச் சென்றவர் பக்கம் மட்டும் கெடுவே இல்லாதிருப்பதுதான் எங்களைப் போன்றோரின் தீராத துன்பம்.

அந்தத் துன்பத்துக்கு அரசு வைத்திருக்கும் ஒரு சேவையை முழுமையாகப் பயன்படுத்திப் பார்த்தவன் என்ற முறையில் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். மத்தியக் குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் அமைச்சகம் 2017 அக்டோபர் 30 அன்று, வராத பாக்கிக்கு மனுப் போடுவதற்காகத் தொடங்கிய ‘சமாதான்’ இணையதளம், அதன் வழியே மனு சென்று சேரும், அந்தத் தகராறுகளை விசாரிக்கும் குறு மற்றும் சிறு தொழில் நிறுவனங்கள் வசதியாக்கக் கவுன்சில் ஆகிய இரண்டையும் சேர்த்தே ஒரு சேவையாகக் கொள்கிறேன். தமிழ்நாட்டில் சென்னை, திருச்சி, மதுரை, கோவை என நான்கு மண்டலக் கவுன்சில்கள் உள்ளன. என் மனு அவற்றுள் ஒன்றுக்குச் சென்றது. எது என்பது இங்கே தேவையில்லை. பணம் தராத நிறுவனத்தின் பெயரையும் சொல்லப்போவதில்லை, ஏனெனில் அவர்களோடு கையெழுத்திட்ட உடன்படிக்கையோடு அந்தக் கணக்கு முடிந்துவிட்டது.

நடந்தது இதுதான். 2022 அக்டோபர் முதல் டிசம்பர் 19 வரை நான்கு பில்களில் 9,12,640 ரூபாய்க்கு ஐந்து ப்ளை (அடுக்கு) அட்டைப்பெட்டிகளை ஓர் ஆடை நிறுவனத்துக்கு அனுப்பினோம். 2023 ஜனவரி இறுதியில் இரண்டரை லட்சம் வந்தது. மீதி 6,62,640 ரூபாய் நின்றுவிட்டது. முதலில் ‘அடுத்த வாரம்’ என்றார்கள். பிறகு ‘எங்களுக்கே வெளிநாட்டிலிருந்து வரவில்லை’ என்றார்கள். ஜூன் மாதத்துக்குப் பிறகு கணக்குப் பிரிவில் யாரும் தொலைபேசியை எடுக்கவில்லை. ஒன்பது மாதங்கள் நான் கேட்டுக்கொண்டே இருந்தேன், எழுத்தில் கேட்கவில்லை. அழுத்திக் கேட்டால் பார்ட்டி போய்விடுவார் என்ற அச்சம் என் தந்தையார் காலத்திலிருந்தே எங்கள் பட்டறையில் குடியிருந்தது. தொண்ணூறு நாளைத் தாண்டிய பாக்கியை எங்கள் வங்கி கடன் வரம்புக் கணக்கில் சேர்க்காது என்பதால், அந்த ஆறரை லட்சம் இரண்டு பக்கமும் என்னை அரித்தது. வர வேண்டியது வரவில்லை; வங்கியில் எடுக்கக்கூடியதும் குறைந்தது. அந்த ஆண்டுத் தீபாவளி போனஸுக்கு மனைவியின் நகையை அடகு வைத்தேன்.

வேறு வழிகளையும் பார்த்துவிட்டே இந்தச் சேவைக்கு வந்தேன். ஒரு வசூல் முகவர் வரும் தொகையில் இருபது சதவீதம் கேட்டார், எந்த முறையில் வசூலிப்பார் என்பதைச் சொல்ல மறுத்தார். அவரை அன்றே அனுப்பிவிட்டேன். காசோலை கையில் இருந்திருந்தால் செலாவணி முறிச் சட்டத்தின் 138-ஆவது பிரிவு இருந்தது: காசோலை திரும்பிய தகவல் வந்த முப்பது நாளுக்குள் அறிவிப்பு, பதினைந்து நாள் அவகாசம், அதன் பிறகு ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் புகார். என்னிடம் காசோலையே இல்லை. உரிமையியல் நீதிமன்றம் என்றால் தமிழ்நாட்டில் கோரும் தொகையில் மூன்று சதவீதம் நீதிமன்றக் கட்டணம். 2017-க்கு முன் ஏழரை சதவீதமாக இருந்ததை எண்ணினால் இது குறைவுதான் என்றாலும், வழக்கறிஞர் கட்டணத்தையும் ஆண்டுகளையும் அதனோடு கூட்ட வேண்டும். திவால் சட்டத்தின் கீழ் அறிவிப்பு அனுப்பலாம் என்று ஒருவர் சொன்னார். ஆனால் 2020 மார்ச்சில் அதற்கான குறைந்தபட்சத் தொகை ஒரு லட்சத்திலிருந்து ஒரு கோடியாக உயர்த்தப்பட்டுவிட்டதால் அந்தக் கதவு எங்களைப் போன்றோருக்கு மூடிவிட்டது. எங்கள் ஆடிட்டர்தான் ‘உத்யம் பதிவு இருக்கிறதல்லவா, சமாதானில் போடுங்கள்’ என்றார். உத்யம் என்பது குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான அரசுப் பதிவு.

இந்தச் சேவையின் முதுகெலும்பு 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம். அந்த ஆண்டு அக்டோபர் 2 முதல் நடைமுறையில் உள்ள இந்தச் சட்டத்தை, பட்டறை வைத்திருக்கும் ஒவ்வொருவரும் ஒருமுறையாவது முழுமையாகப் படிக்க வேண்டும் என்று உண்மையாகவே விரும்புகிறேன். அதன் 15-ஆவது பிரிவின்படி, எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாளுக்குள் வாங்கியவர் பணம் தர வேண்டும். அந்த ஒப்பந்தக் காலமும் சரக்கை ஏற்ற நாளிலிருந்து 45 நாளைத் தாண்டக் கூடாது. ஒப்பந்தமே இல்லையென்றால் பதினைந்து நாள்தான். எல்லோருக்கும் 45 நாள் உண்டு என்று நம் தொழில் வட்டாரத்தில் பரவலாக நினைக்கிறோம், அது தவறு. எனக்கு வந்த பர்ச்சேஸ் ஆர்டரில் அறுபது நாள் கடன் என்று அச்சிட்டிருந்தார்கள். நானும் அதை ஒப்புக்கொண்டிருந்தேன். அப்படியிருந்தும் சட்டத்தின் கண்ணில் அது 45 நாள்தான் என்று தெரிந்தபோது எனக்கு ஏற்பட்ட ஆறுதலைச் சொல்லி முடியாது, ஏனெனில் பெரிய நிறுவனம் நீட்டும் தாளில் ‘இந்த வரியை மாற்றுங்கள்’ என்று கேட்கும் இடத்தில் நாம் ஒருபோதும் இருப்பதில்லை.

கெடு தவறினால் வட்டி. அதுவும் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மும்மடங்கு, மாதந்தோறும் கூட்டு வட்டியாக. 2023 பிப்ரவரி 8 முதல் ஏறத்தாழ ஈராண்டுகள் வங்கி விகிதம் 6.75 சதவீதமாக இருந்தது. மும்மடங்கு என்றால் ஆண்டுக்கு 20.25 சதவீதம். ஒரு லட்சம் ரூபாய் பாக்கி ஓராண்டில் 1,22,200 ரூபாய்க்குச் சற்று மேலாகிவிடும். அந்த வட்டியை வாங்கியவர் தம் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்டவும் முடியாது. 23-ஆவது பிரிவு அதைத் தடுக்கிறது. ஆண்டுக் கணக்கறிக்கையில் குறு, சிறு நிறுவனங்களுக்கு எவ்வளவு பாக்கி என்று வெளிப்படையாகக் காட்டவும் வேண்டும். சட்டம் இவ்வளவு உறுதியாக நம் பக்கம் நிற்கும் வேறோர் இடத்தை என் முப்பதாண்டுத் தொழில் வாழ்க்கையில் நான் கண்டதில்லை.

ஆனால் யார் பக்கம் என்பதில் கவனம் தேவை. பாதுகாப்பு குறு, சிறு நிறுவனங்களுக்கே; நடுத்தர நிறுவனம் பாக்கிக்காகக் கவுன்சிலில் மனுப் போட முடியாது. வாங்கி விற்கும் வணிகர்கள் 2021 ஜூலையில் மீண்டும் உத்யம் பதிவுக்குள் சேர்க்கப்பட்டார்கள் என்றாலும், அது வங்கிகளின் முன்னுரிமைக் கடனுக்காக மட்டுமே. பேக்கிங் டேப் வாங்கி விற்கும் என் நண்பர் கையில் சான்றிதழை வைத்துக்கொண்டே இந்தச் சேவையைப் பயன்படுத்த முடியாமல் நின்றதைப் பார்த்திருக்கிறேன். அவருடைய பணமும் எங்கள் பணத்தைப் போன்றதுதான். அவரை வெளியே நிறுத்துவதற்கு மனம் ஏற்கும் காரணம் எனக்குத் தெரியவில்லை. பதிவு செய்த நாளும் முக்கியம். சரக்கு அனுப்பிய பிறகு ஓடிப்போய்ப் பதிவு செய்தால் பழைய பில்களுக்குப் பயன் கிடைக்காது என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் சில்பி இண்டஸ்ட்ரீஸ் வழக்கிலும் 2022 அக்டோபரில் மகாகாளி ஃபுட்ஸ் வழக்கிலும் சொல்லியிருக்கிறது. 2025-இல் வந்த மற்றொரு வழக்கில் இந்தக் கேள்வி பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டது என்பதும் உண்மை. ஆனால் அந்த நம்பிக்கையில் யாரும் பதிவைத் தள்ளிப்போட வேண்டாம். உத்யம் பதிவுக்குக் கட்டணமே கிடையாது. வங்கி வற்புறுத்தியதால் 2020 அக்டோபரிலேயே நான் பதிவு செய்திருந்தேன். அன்று அலுத்துக்கொண்டு செய்த அந்த ஒரு காரியம்தான் பின்னர் என் ஆறரை லட்சத்தைக் காத்தது.

இனி இணையதளம். 2023 செப்டம்பர் முதல் வாரத்தில் ஓர் இரவு உட்கார்ந்து மனுவைப் பதிவு செய்தேன். உத்யம் எண்ணையும் அதோடு இணைந்த கைப்பேசிக்கு வரும் கடவு எண்ணையும் கொடுத்து உள்ளே சென்றால், வாங்கியவரின் பெயர், முகவரி, மின்னஞ்சல், பிறகு பில் வாரியாகத் தேதி, தொகை, வந்தது, வர வேண்டியது என்று படிவம் நகர்கிறது. என்னிடம் இணையதளத்தில் கட்டணம் எதுவும் கேட்கப்படவில்லை. படிவம் எளிதானதே. வாங்கிய நிறுவனத்தின் மின்னஞ்சலைச் சரியாகக் கொடுப்பதில் மட்டும் நேரம் செலவிடுங்கள். கணக்குப் பிரிவு ஊழியரின் முகவரியைக் கொடுக்காமல், நிறுவனத்தின் ஜி.எஸ்.டி. பதிவிலும் கடிதத் தாளிலும் உள்ள அலுவல் முகவரியைக் கொடுப்பதே நல்லது.

படிவத்தை நிரப்பியது ஓர் இரவு. அதற்கான தாள்களைத் திரட்டியது பதினெட்டு நாள். இந்தச் சேவையைப் பற்றி நான் விரிவாகச் சொல்ல விரும்புவதும் அந்தப் பதினெட்டு நாளைப் பற்றித்தான். பர்ச்சேஸ் ஆர்டர் மூன்றுக்கு மட்டுமே இருந்தது. நான்காவது ஆர்டர் வாட்ஸ்அப்பில் வந்த இரண்டு வரி. டெலிவரி சலான்களில் இரண்டில் மட்டும் அவர்களுடைய கிடங்கின் முத்திரையும் கையெழுத்தும் இருந்தன, ஒன்றில் வெறும் சுழிப்பு, ஒன்று காணவேயில்லை. நம் மாநிலத்துக்குள் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு இ-வே பில் (சரக்கு வண்டியோடு செல்ல வேண்டிய ஜி.எஸ்.டி. மின்னணுச் சீட்டு) கட்டாயம் என்பதால் நான்கு லோடுக்கும் இ-வே பில் இருந்தது, வண்டி எண்ணோடு. காணாமற்போன சலானின் இடத்தை அதுதான் நிரப்பியது. எல்லாவற்றுக்கும் மேலாக, மார்ச் மாதத்தில் ஆடிட்டர் கேட்டார் என்பதற்காக அவர்களிடம் கையெழுத்து வாங்கிய பாக்கி உறுதிக் கடிதம் ஒன்று கோப்பில் கிடந்தது. ‘31.03.2023 அன்று தங்களுக்கு நாங்கள் தர வேண்டியது 6,62,640 ரூபாய்’ என்று அவர்களுடைய முத்திரையோடு.

அந்த ஒற்றைத் தாளின் மதிப்பை அப்போது நான் அறியவில்லை. கடனை ஒப்புக்கொண்டு எழுத்தில் கையெழுத்திட்டால், அது காலவரம்புக்குள் நடந்திருக்குமானால், அந்த நாளிலிருந்து மூன்றாண்டுக் காலவரம்பு புதிதாகத் தொடங்கும். காலவரம்புச் சட்டத்தின் 18-ஆவது பிரிவு இது. சமரசம் கூடாதபோது கவுன்சில் நடத்தும் நடுவர் விசாரணைக்கும் காலவரம்புச் சட்டம் பொருந்தும் என்று சில்பி வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதால், நான்கு ஐந்து ஆண்டுப் பழைய பாக்கியோடு கவுன்சிலுக்குப் போகலாம் என்று இருப்பவர்கள் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும். இப்போது எங்கள் பட்டறையில் ஒவ்வொரு மார்ச் மாதமும் எல்லா வாடிக்கையாளரிடமும் இந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்குகிறோம். பாக்கி இல்லாதவரிடமும் கேட்பதால் யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

மனு பதிவானதும் வாங்கியவருக்கு இணையதளத்தின் வழியே அறிவிப்புச் செல்கிறது. பதினைந்து நாளில் பதில் இல்லையென்றாலோ தீரவில்லையென்றாலோ கவுன்சில் அதை வழக்காக எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பதினைந்து நாள்தான் இந்தச் சேவையின் மிகச் சிறந்த பகுதி என்பது என் முடிவு. ஜூன் முதல் தொலைபேசியை எடுக்காத நிறுவனத்திலிருந்து ஒன்பதாம் நாள் நிதி மேலாளரே அழைத்தார். குரல் மாறியிருந்தது. ‘இப்படிப் போட்டுவிட்டீர்களே சார், நாமே பேசி முடித்திருக்கலாமே’ என்றார். மனுவைத் திரும்பப் பெற்றால் மாதம் ஐம்பதாயிரம் வீதம் தருவதாகச் சொன்னார். வாய்மொழி வாக்கை நம்பி மனுவைத் திரும்பப் பெறக் கூடாது என்று ஆடிட்டர் தடுத்துவிட்டார். பணம் முழுமையாக வரும் வரை, அல்லது கவுன்சில் முன் எழுத்தில் உடன்பாடு வரும் வரை, மனு அங்கேயே இருக்கட்டும். இதைப் படிக்கும் தொழில்முனைவோரிடம் நான் கைகூப்பிக் கேட்டுக்கொள்வதும் இதுவே.

திரும்பப் பெற மறுத்ததும் அவர்களிடமிருந்து எழுத்துப் பதில் வந்தது: பெட்டிகள் நசுங்கின, தரம் இல்லை, அதனால் தங்களுக்கு நட்டம், அதை எங்களிடமிருந்து வசூலிக்கப் போவதாக. அன்றிரவு நான் தூங்கவில்லை. பதினொரு பேரின் உழைப்பைத் தரமற்றது என்று ஒரே வரியில் எழுதிவிட்டார்களே என்ற வருத்தம்தான் பணத்தைவிட அதிகம் உறுத்தியது. எதிர்க்கோரிக்கை வைக்க வாங்கியவருக்கு உரிமை உண்டு என்பதும் சட்டம்தான். அதை மறுக்க முடியாது. ஆனால் சரக்கு வந்த பதினைந்து நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்கவில்லை என்றால், அந்தச் சரக்கு ஏற்கப்பட்டதாகவே கொள்ள வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஒன்பது மாதம் கழித்து, நாங்கள் மனுப் போட்ட பிறகு, முதன்முறையாகத் தரம் பற்றிப் பேசியது கவுன்சில் முன் எடுபடவில்லை. எங்கள் பில்களுக்குரிய உள்ளீட்டு வரியை, அதாவது பில்லில் உள்ள ஜி.எஸ்.டி.யைத் தாங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் தொகையை, அவர்கள் எடுத்துக்கொண்டதும் கேள்விக்கு வந்தது. பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் தராவிட்டால், எடுத்த அந்த வரியை வட்டியோடு திருப்பிச் செலுத்த வேண்டும் என்ற ஜி.எஸ்.டி. விதியை அவர்களுடைய ஆடிட்டர் அறியாதவர் அல்லர்.

கவுன்சிலில் மூன்று முதல் ஐந்து உறுப்பினர்கள் இருக்கலாம். தொழில் துறை அதிகாரி தலைமையில் சிறுதொழில் சங்கத்தவர், வங்கித் தரப்பினர் போன்றோர். முதலில் சமரசம், அது கூடாவிட்டால் கவுன்சிலே நடுவராக விசாரிக்கலாம், அல்லது வேறொரு நடுவர் அமைப்பிடம் ஒப்படைக்கலாம். சமரச அமர்வில் வழக்கறிஞர் இல்லாமல் நானே பேசினேன். தாள்கள் வரிசையாக இருந்ததால் பேசுவதற்கு அதிகம் இருக்கவில்லை. உறுப்பினர் ஒருவர் சலானைக் கையில் எடுத்து ‘கிடங்கின் முத்திரை இது உங்களுடையதுதானே’ என்று அவர்களைக் கேட்ட அந்த நொடி, ஒன்பது மாதம் யாரும் கேட்காத ஒன்றை யாரோ கேட்டுவிட்டார்கள் என்று எனக்குத் தொண்டை அடைத்தது. மரியாதையோடு நடத்தினார்கள், தமிழிலேயே பேச முடிந்தது. நீதிமன்ற வாசலில் நிற்கும் பயம் அங்கே இல்லை.

குறையையும் அதே நேர்மையோடு சொல்ல வேண்டும். மனு வந்த 90 நாளில் முடிவு காண வேண்டும் என்று 18-ஆவது பிரிவு சொல்கிறது. என் மனு 2023 செப்டம்பரில் பதிவாகி 2024 ஆகஸ்டில் உடன்படிக்கையில் முடிந்தது: பதினோரு மாதம். முதல் அமர்வுக்கே ஐந்து மாதத்துக்கு மேல் ஆயிற்று. அமர்ந்திருந்தவர்கள் அக்கறையோடு இருந்தார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. மற்ற அரசுப் பணிகளுக்கு நடுவே அவ்வப்போது கூடும் ஓர் அமைப்பிடம் இவ்வளவு மனுக்களை ஒப்படைப்பதில்தான் கோளாறு. 90 நாள் என்று சட்டத்தில் எழுதிவிட்டு அதற்கேற்ற முழுநேர ஆள்பலத்தைத் தராவிட்டால், தாமதமான பணத்துக்குத் தீர்வு தர வந்த அமைப்பே தாமதத்தின் பகுதியாகிவிடுகிறது. 2025 ஜூன் 27 அன்று இதே அமைச்சகம் இணையவழித் தகராறுத் தீர்வுக்கெனத் தனித் தளம் ஒன்றைத் தொடங்கியிருக்கிறது. நான் அதைப் பயன்படுத்தவில்லை என்பதால் மதிப்பிடவில்லை. புதிதாக மனுப் போடுபவர்கள் தற்போது எந்தத் தளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று மாவட்டத் தொழில் மையத்தில் முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

எனக்கு வந்தது எவ்வளவு என்பதைச் சொல்கிறேன். அசல் முழுவதும், அதாவது 6,62,640 ரூபாய், அதோடு வட்டியாக 65,000 ரூபாய். மூன்று தவணைகளில், மூன்று காசோலைகளோடு. 2023 பிப்ரவரி முதல் உடன்படிக்கை கையெழுத்தான நாள் வரை பதினெட்டு மாதத்துக்குச் சட்டப்படி கணக்கிட்டால் வட்டி மட்டுமே ஏறத்தாழ 2,33,000 ரூபாய். ஒரு லட்சத்து அறுபத்தெட்டாயிரத்தை நான் விட்டுக்கொடுத்தேன். இதற்காக என் தம்பி இன்றும் என்னோடு மனத்தாங்கலாக இருக்கிறான். நடுவர் விசாரணைக்குப் போயிருந்தால் முழு வட்டியும் கிடைத்திருக்கலாம் என்பது அவனுடைய வாதம். அது பிழையான வாதமும் அன்று. தீர்ப்புக்கு எதிராக வாங்கியவர் நீதிமன்றம் செல்ல வேண்டுமானால் தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும் என்ற 19-ஆவது பிரிவின் காப்பு நமக்கு இருக்கிறது. ஆனாலும் கட்டாயம் கட்டுவார் என்றில்லை. அப்படியே சும்மா இருந்துவிட்டால், தீர்ப்பை நிறைவேற்றக் கோரி உரிமையியல் நீதிமன்றத்துக்கு நாமே போக வேண்டும். எனக்குக் காகித ஆலைக்கு அந்த மாதம் கட்ட வேண்டிய நாலரை லட்சம் கண்முன் நின்றது. கையில் தாங்கும் வலு உள்ளவர்கள் வட்டிக்காகக் காத்திருக்கட்டும் என்றே சொல்வேன். அந்த வட்டி நம்முடைய உரிமை, சலுகை அன்று.

சமரசத்தில் முடிந்தாலும் அதன் வலு குறைவில்லை என்பதைக் குறிப்பிட வேண்டும். சமரசத்தில் இருதரப்பும் கையெழுத்திட்ட உடன்படிக்கைக்கு நடுவர் தீர்ப்புக்கு நிகரான மதிப்பு உண்டு. தவணை தவறினால் என்ன வட்டி என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். நான் கேட்டேன், எழுதினார்கள். மூன்றாம் காசோலை 2024 நவம்பரில் தேறியது. நகையை அன்றே மீட்டேன்.

இந்தச் சேவையோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொன்று, வருமான வரிச் சட்டத்தில் 2023-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் சேர்த்த 43பி பிரிவின் எச் உட்பிரிவு. குறு, சிறு நிறுவனங்களுக்குரிய பணத்தை 15-ஆவது பிரிவின் கெடுவுக்குள் தராவிட்டால், பணம் உண்மையில் தந்த ஆண்டில்தான் அதைச் செலவாகக் கழிக்க முடியும் என்பது அதன் சாரம். 2024-25 மதிப்பீட்டு ஆண்டு முதல் நடைமுறை. என் பில்கள் அதற்கு முந்தைய ஆண்டுக்குரியவை என்பதால் எனக்கு நேரடியாக உதவவில்லை. ஆனால் 2024 மார்ச் மாதத்தில் மற்ற மூன்று வாடிக்கையாளர்கள், நான் கேட்காமலேயே, உத்யம் சான்றிதழின் நகலைக் கேட்டு வாங்கி, மாதம் முடிவதற்குள் பாக்கியைத் தீர்த்தார்கள். இதற்கு நேர்மாறாக ஒருவர் ‘பதிவு இல்லாதவரிடம் வாங்கிக்கொள்கிறோம்’ என்று ஆர்டரை மாற்றிக்கொண்டதும் நடந்தது. நல்ல சட்டம் ஒன்று சிறியவருக்கே எதிராகத் திரும்பும் இந்த இடத்தை அரசு கவனிக்க வேண்டும். பதிவைக் கைவிடச் சொல்லும் வாடிக்கையாளர்களும் இருப்பதாகக் கேள்விப்படுகிறேன். தயவுசெய்து கைவிடாதீர்கள், அப்படிக் கேட்பவர் நாளை எப்படிப் பணம் தருவார் என்பதை இன்றே சொல்லிவிடுகிறார்.

வர வேண்டிய பில்லைக் காட்டி நிதி நிறுவனத்திடம் முன்கூட்டியே பணம் பெறும், டிரெட்ஸ் எனப்படும் இணையதளங்களைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். வாங்கியவர் பில்லை அங்கே ஏற்றுக்கொண்டால் மட்டுமே நிதி நிறுவனம் நமக்குப் பணம் தரும். எனவே தர மனமுள்ள பெரிய நிறுவனத்தோடு தொழில் செய்வோருக்கு அது நல்ல வழி. தராதவரிடம் வாங்க அது உதவாது.

சேவையை மொத்தமாக எடைபோட்டால், சட்டத்துக்கு என்னிடம் குறையே இல்லை. இணையதளம் தன் வேலையைச் செய்கிறது. அறிவிப்பு ஒன்றே பல பாக்கிகளைப் பேச்சுக்குக் கொண்டுவரப் போதுமானது. கால தாமதம்தான் பெரிய குறை. ஒரு லட்சத்துக்குக் குறைவான பாக்கிக்கும் பயன்படுத்தலாமா என்று கேட்டால், தாள்கள் ஒழுங்காக இருந்தால் பயன்படுத்தலாம் என்றே சொல்வேன், ஏனெனில் செலவு நம் நேரம் மட்டும்தான். தாள்கள் இல்லையென்றால் முதலில் ஒரு மின்னஞ்சலாவது அனுப்பி, பாக்கித் தொகையை அவர்கள் எழுத்தில் ஒப்புக்கொள்ளச் செய்யுங்கள்.

எங்கள் பில்லின் அடியில் இப்போது உத்யம் எண்ணும், ‘2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15, 16 பிரிவுகளின்படி கெடுவும் வட்டியும் பொருந்தும்’ என்ற வரியும் அச்சிடப்படுகின்றன. லோடு இறங்கியதும் முத்திரையிட்ட சலானை ஓட்டுநர் அங்கேயே படம் எடுத்து அனுப்பிவிட வேண்டும் என்பது பட்டறையின் விதி. பழைய அந்த ஆடை நிறுவனம் 2025 தை மாதம் மீண்டும் விலை கேட்டது. முழுத் தொகையும் முன்பணமாக என்றேன், ஒப்புக்கொண்டு இரண்டு லோடு எடுத்தார்கள். இதை எழுதும் இன்று வேறொருவருடைய 1,84,000 ரூபாய் பில் 52-ஆவது நாளில் நிற்கிறது. 46-ஆவது நாளே பதிவுத் தபாலில் கடிதம் போய்விட்டது; அறுபதாம் நாள் மனுப் பதிவு செய்வதற்கான தாள்கள் எல்லாம் ஒரே பிடிஎஃப் கோப்பாக மேசைக் கணினியில் இருக்கின்றன.